ஏழுக்கு நாலு

ரத்தோட்டையிலிருந்து கம்மடுவைப் பக்கம் ஏறும் பாதையில் எவ்வளவு உயரம் வந்துவிட்டோம் என்பதைச் செடிகளே சொல்லும். கீழே ரப்பரும் கொக்கோவும். நடுவில் முள்முருங்கை மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகுக்கொடி. அதற்கு மேல் தேயிலை. நக்கிள்ஸ் மலைக்காட்டை ஒட்டிப் போனால் நிழலுக்குள் ஏலக்காய். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்கள் பலவும் இப்படிக் கலப்பானவை. நுவரெலியாப் பக்கம் போல எங்கு பார்த்தாலும் ஒரே தேயிலையாக இருக்காது. 1960-களின் தொடக்கத்தில் நான் பிறந்த லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, ரப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் சரிவில் இருந்தது. அதனால் கீழே நடப்பதும் மேலே நடப்பதும் இரண்டுமே எங்களுக்குத் தெரியும்.

அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. வாட்டுவது, அரைப்பது, அடுப்புக்கு விறகு தள்ளுவது என்று எல்லாப் பக்கமும் நின்றவர். "நாலரை இறாத்தல் கொழுந்து உள்ள போனாத்தான் ஒரு இறாத்தல் தூளு வெளிய வரும்" என்று அவர் சொல்லிக் கேட்டபோது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். மிச்ச மூன்றரை இறாத்தல் எங்கே போயிற்று என்று கேட்டேன். ஒரு பிடி கொழுந்தை என் கையில் வைத்து இறுக்கிப் பிழியச் சொன்னார். "தண்ணிம்மா. கொழுந்துல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். அது ஆவியாப் போகுது." அன்றிலிருந்து அம்மா கூடையோடு மலையிறங்கி வரும்போது அந்தக் கூடையில் எவ்வளவு தேயிலைத்தூள் இருக்கிறது என்று மனதுக்குள் வகுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நாற்பத்தைந்து இறாத்தல் என்றால் பத்து. பதினெட்டு என்றால் நாலு. எங்கள் வீட்டில் குடிக்கிற தூள் வாரத்துக்கு ஓர் இறாத்தல்கூட இருக்காது.

கீழ்ப்பக்கத்துக் கிராமத்தில் மிளகுத் தோட்டம் வைத்திருந்த ஒரு சிங்கள அம்மே இருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நாங்கள் உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டு போனால் வாங்கிக்கொள்வார். மூன்று இறாத்தல் பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஓர் இறாத்தல் கிடைக்கும். மாத்தளை நகரத்தில் காய்ந்த மிளகு ஆறு ரூபாய்க்குப் போனால் பச்சைக்கு இரண்டு ரூபாய். அதில் காயவைக்கிற பாடு, பஸ்காசு, மழை பிடித்துப் பூஞ்சணம் வந்தால் ஏற்படும் நட்டம் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு எங்களுக்குத் தருவார். எவ்வளவு கழிக்கிறேன், ஏன் கழிக்கிறேன் என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டுத்தான் தருவார். கழிவை விளக்கிச் சொல்லும் கடமை வாங்குகிறவருக்கு உண்டு என்பதை நான் முதலில் கண்டது அந்த வாசலில்தான்.

கொழுந்து நிறுக்கிற எங்கள் மடுவத்தில் அந்த வழக்கம் கிடையாது.

மாலை நிறுவைக்கு அம்மாவோடு போய் நிற்பேன். பெண்கள் வரிசையில் வருவார்கள். கூடையை, பிறகு வந்த காலத்தில் சாக்கை, தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லுவார், இன்னொரு எண்ணை எழுதுவார். நடுவில் ஐந்து இறாத்தல் காணாமல் போயிருக்கும். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று அதற்குப் பெயர். வெயில் நாளிலும் ஐந்து, மழை நாளிலும் ஐந்து. நாற்பது இறாத்தல் கொண்டுவந்த அம்மாவுக்கும் ஐந்து. இருபது மட்டுமே கொண்டுவந்த, இடுப்பு பிடித்துக்கொண்ட பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவுக்கும் ஐந்து.

"எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே வெட்டுறாங்க" என்று அம்மா சமாதானம் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அம்மாவுக்கு அது எட்டில் ஒரு பங்கு, பெரியம்மாவுக்கு நாலில் ஒரு பங்கு. கூடையின் எடை எல்லாருக்கும் ஒன்று என்பது சரி, அதை மாறாத எண்ணாகக் கழிக்கலாம். இலையில் ஒட்டிய தண்ணீர் இலையின் அளவோடு கூடிக் குறையும். குறைவாகப் பறித்தவளின் இலையில் குறைவான தண்ணீர்தான் இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் கட்டியதால் இழப்பு எப்போதும் பலமில்லாதவள் பக்கமே கூடுதலாக விழுந்தது.

இதைவிடப் பெரிய வெட்டு ஒன்று இருந்தது. அன்றைக்கு முப்பது இறாத்தல் என்று குறித்திருந்தால், முப்பது எடுத்தவளுக்குத்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பெரியம்மா ஒருநாள் முப்பத்து மூன்று கொண்டுவந்தார். அவருடைய வயதுக்கு அது மலையைப் புரட்டிய வேலை. ஐந்து கழித்து இருபத்தெட்டு என்று எழுதினார்கள். அரைப்பேர். இரண்டு இறாத்தலுக்காக அரைநாள் கூலி போயிற்று. முப்பதுக்கு முழுக்கூலி என்றால் இருபத்தெட்டுக்குப் பதினைந்தில் பதினாலு பங்கு வரவேண்டும். குறைய வேண்டியது பதினைந்தில் ஒன்று, குறைந்தது பாதி. அந்த வயதில் இதைப் பின்னமாக எழுத எனக்குத் தெரியாது. ஆனால் பெரியம்மா வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடந்தபோது, இரண்டு இறாத்தல் கொழுந்தும் அரைநாள் கூலியும் ஒன்றுக்கொன்று ஈடாகாது என்பது நன்றாகவே தெரிந்தது.

இதைக் கணக்காக எழுதக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டப் பள்ளிக்கூடம் என்பது அப்போது ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. முதலாம் வகுப்பு மணலில் எழுதிக்கொண்டிருக்க, ஐந்தாம் வகுப்பு பலகைக்குப் பக்கத்தில் நிற்கும். அச்சடித்த புத்தகத்தில் இருந்த வசனக் கணக்குகளில் தொட்டிகளும் குழாய்களும் எதிரெதிரே ஓடும் புகைவண்டிகளும் வந்தன. எங்களில் பலர் புகைவண்டியை எட்ட நின்றுகூடப் பார்த்ததில்லை. 1880-இல் மாத்தளைக்கு வந்த ரயில்பாதை அங்கேயே முடிந்துவிட்டது, எங்கள் மலைக்கு ஏறவில்லை. மாஸ்டர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மடுவத்தையும் தண்ணீர்ப் பீலியையும் பாண் கடையையும் கணக்குக்குள் கொண்டுவந்தார்.

எண்ணைத் தொடுவதற்கு முன் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எது கூடினால் எது கூடும்? எது கூடினால் எது குறையும்? முதல்ல அதைச் சொல்லுங்கோ பிள்ளையள்." பலகையில் இரண்டு அம்புக்குறி போடுவார். பாண் கூடினால் காசு கூடும்: இரண்டு அம்பும் மேலே பார்க்கும். ஆள் கூடினால் நாள் குறையும்: ஒன்று மேலே, ஒன்று கீழே. அம்பு போடாதவன் பெருக்கக் கூடாது, வகுக்கவும் கூடாது. மூன்று இறாத்தல் சீனிக்கு இவ்வளவு காசு என்றால் ஏழு இறாத்தலுக்கு எவ்வளவு என்று கேட்டால், முதலில் ஓர் இறாத்தலுக்கு இறங்கு, பிறகு ஏழுக்கு ஏறு என்பார். கால் வழுக்காமல் மலையிறங்கி ஏறுகிற பிள்ளைகளுக்கு அந்த வழி இயல்பாக வந்தது.

பிறகு, ஆசிரியர் கலாசாலைக்குப் போன காலத்தில், இந்த முறையின் வயதைத் தெரிந்துகொண்டேன். 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே இது விதியாக இருக்கிறது. தெரிந்த அளவு, அதற்குக் கிடைத்த பலன், நமக்கு வேண்டிய அளவு என்று மூன்று எண். பலனை வேண்டியதால் பெருக்கித் தெரிந்ததால் வகுத்தால் நாலாவது எண் கிடைக்கும். தமிழில் காரிநாயனார் செய்த கணக்கதிகாரம் நெல்லையும் பொன்னையும் நிலத்தையும் வைத்துக் கணக்குச் சொல்கிறது. விளைச்சலும் கூலியும் விலையும் உள்ள இடத்தில் இந்தக் கணக்கு இல்லாமல் ஒரு நாளும் கழியாது. அதனால் அது அவ்வளவு காலம் வாழ்ந்ததில் எனக்கு வியப்பில்லை. மாஸ்டரின் அம்புக்குறிதான் எனக்கு இன்றும் பெரிதாகத் தெரிகிறது. விதி எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். விதியை எங்கே போடக்கூடாது என்று சொல்கிறவர்கள் குறைவு.

அவர் சொன்னார். ஒருநாள் இப்படிக் கேட்டார்: "பீலியில ரெண்டு பேர் நாலு குடம் நிரப்ப எட்டு நிமிசம். நாலு பேர் வந்தால்?" நாலு நிமிடம் என்று நாங்கள் எல்லாரும் கத்தினோம். எங்களை அப்படியே பீலிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மலையிலிருந்து வருவது ஒரே மூங்கில் வழியாக ஒரே நீர். நாலு பேர் நின்றாலும் நாற்பது பேர் நின்றாலும் குடம் அதே வேகத்தில்தான் நிறைந்தது. கூடியது சண்டை மட்டுமே. இன்னொரு நாள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கணக்கு. நாற்பது ஆள் மூன்று நாளில் வெட்டுகிற மலையை அறுபது ஆள் இரண்டு நாளில் வெட்டி முடிப்பார்கள், சரி. வெட்டிய செடி திரும்பத் துளிர்த்துக் கொழுந்து எடுக்க எத்தனை மாதம் என்பதை எத்தனை ஆள் போட்டும் மாற்ற முடியாது.

என் பெரியப்பா இதைக் கேட்டால் தலையாட்டியிருப்பார். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர்தான் சமையல். மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர் பார்க்கப் போகிற கூட்டத்துக்கும் சில வருடம் கட்டுச்சோறு ஆக்கியிருக்கிறார். பத்துப் பேர் சோற்றை இருநூறு பேருக்கு ஏற்றும்போது அரிசியை இருபது மடங்காக்குவார். தண்ணீரை இருபது மடங்கு ஊற்ற மாட்டார். பெரிய அண்டாவில் சோற்றின் அளவுக்கு மேல்வாய் சிறியது, ஆவி போவது குறைவு, அப்படியே ஊற்றினால் குழைந்துவிடும். உப்பையும் மிளகாயையும் கணக்குப்படி போடாமல் குறைத்துப் போட்டு, ருசி பார்த்து ஏற்றுவார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எந்தப் பண்டம் கணக்கோடு வரும், எது வராது என்பது கைக்குத் தெரியும்.

நேர்மாறாகப் போகும் கணக்கைப் பசியில் படித்தோம். 1973, 1974 வருடங்கள் மலையகத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அரிசி குறைந்தது, மாவு குறைந்தது, பாணுக்கு விடியுமுன் வரிசை. வேலை நாட்களும் குறைந்தன. தோட்டங்களில் மரணங்கள் கூடின. மரவள்ளிக் கிழங்கும் காட்டுக் கீரையும் வீட்டு வீட்டுக்குக் கஞ்சியானது அந்தக் காலம்.

எங்கள் அப்பாயி மாவு டப்பாவைத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். வாரக் கணக்கில் மாவு வந்தவுடன் கையால் அளைந்து பார்த்து, "முப்பது வாய் இருக்கு" என்பார். ஒரு வாய் என்றால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ரொட்டி. வீட்டில் நாங்கள் ஆறு பேர். முப்பது வாய் என்றால் ஐந்து நாள். அந்தச் சமயம் பார்த்து, வேலை நின்றுபோன தோட்டத்திலிருந்து அத்தை குடும்பம் நாலு பேராக வந்து சேர்ந்தது. அப்பாயி ஒரு நொடி யோசித்தார். "பத்துப் பேரு. மூணு நாளு. நாலாம் நாளைக்குக் கெழங்கு தோண்டணும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அத்தையின் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டார். வந்தவர்களின் முகத்தைப் பார்த்தபடியே வகுத்து முடித்துவிட்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

நான் இதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பலகையில், ஆறு தரம் ஐந்து, பத்துத் தரம் மூன்று, இரண்டும் முப்பது என்று எழுதி, "பெருக்கம் மாறாது. இதுதான் நேர்மாறு விகிதசமன். பெரிய வகுப்பில மனித நாட்கள் என்று படிப்பீங்கள். உங்கட அப்பாயி அதை வாயால அளக்கிறா" என்றார். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் வாய்க்கணக்குத்தான். யார் வீட்டில் எத்தனை வாய், எத்தனை நாள். சில பிள்ளைகள் விடையைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். ஒன்றரை நாள் என்று சொன்ன ஒருவனை அன்றைக்கு மாஸ்டர் தன் சாப்பாட்டுப் பொதியோடு பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வருடங்களில்தான் இன்னொரு விகிதம் லயத்து வாசல்களில் பேசப்பட்டது. அது மாவைப் பற்றியதும் அல்ல, கொழுந்தைப் பற்றியதும் அல்ல. "ஏழுக்கு நாலு" என்பார்கள். இரவில் யாராவது வீரகேசரியை உரத்துப் படிக்க, மற்றவர்கள் குந்தியிருந்து கேட்பார்கள். ஏழுக்கு நாலு, ஏழுக்கு நாலு என்று அது திரும்பத் திரும்ப வரும்.

1948-இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அந்த நாடற்றவர்களை 9,75,000 பேர் என்று மதிப்பிட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. எல்லாம் 15 வருடத்துக்குள். முதல் இரண்டு எண்ணையும் எழுபத்தையாயிரத்தால் வகுத்தால் ஏழும் நாலும் வரும். மிச்சம் விட்ட ஒன்றரை இலட்சத்தை 1974 ஜனவரியில் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அது ஒன்றுக்கு ஒன்று.

நான் செய்த வேலை இது. எங்கள் இரண்டு லயத்திலும் உள்ளவர்களை எண்ணினேன். அறுபத்தாறு பேர். ஏழும் நாலும் பதினொன்று. அறுபத்தாறைப் பதினொன்றால் வகுத்தால் ஆறு. நாற்பத்திரண்டு பேர் போக வேண்டும், இருபத்துநாலு பேர் இருக்கலாம். கணக்கு மிச்சமில்லாமல் வந்ததில் சந்தோசப்பட்டு, அதே கையோடு எங்கள் வீட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். ஆறு பேர். ஆறு தரம் ஏழு நாற்பத்திரண்டு, பதினொன்றால் வகுக்க மூன்று, மீதி ஒன்பது. மூன்று ஆள் முழுதாகவும் நாலாவது ஆளில் பதினொன்றில் ஒன்பது பங்கும் கப்பலேற வேண்டும்.

மாஸ்டர் சிலேட்டைப் பார்த்தார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. நீண்ட நேரம் கழித்து, இது ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போடுகிற கணக்கு இல்லை, முழு நாட்டுக்குமான தொகை என்று விளங்கப்படுத்தினார். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால், நாலு பேருக்கு இங்கே பதிவு. வருடத்துக்கு 35,000 பேர் போனால் 20,000 பேருக்குக் கிடைக்கும். போவது பாதியாகக் குறைந்தால் கிடைப்பதும் பாதியாகக் குறையும், காத்திருக்கிற வருடம் இரண்டு மடங்காகும். அம்புக்குறி போட்டுத்தான் காட்டினார். மேலே ஒன்று, மேலே ஒன்று. மேலே ஒன்று, கீழே ஒன்று. அவருடைய பலகையில் அம்புக்குறிகள் அவ்வளவு சரியாக விழுந்து நான் பார்த்ததில்லை. அவர் குரல் அப்படிக் கம்மியும் கேட்டதில்லை.

ஆட்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கும் அந்த எண்களுக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தவர்கள் ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவு. இங்கேயே இருக்கிறோம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் அதைவிட மிக அதிகம். கொழுந்தை நிறுத்து வாங்கலாம், அதற்கு விருப்பம் கிடையாது. விருப்பம் உள்ளவர்களைத் தொகையாக எழுதி, தொகைக்குத் தொகை ஈடு கட்டியதுதான் அந்த ஒப்பந்தத்தின் கொடுமை என்று நான் இன்றும் நினைக்கிறேன். எந்த அளவில் பிரித்தாலும் அதில் ஒரு வீடு உடைந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தாய்க்கு ஒரு கடதாசி, மகளுக்கு வேறு கடதாசி என்று எங்கள் மலையிலேயே கண்டோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் வீட்டுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. எங்கள் வீடு இலங்கைக்கு எழுதிப்போட்டுக் காத்துக்கொண்டிருந்தது. கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. மாஸ்டர் அம்பு போட்ட அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்: "அப்ப, நாங்க போனாத்தான் ஒங்களுக்குக் கெடைக்குமா?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவளும் பதிலுக்காக நிற்கவில்லை. அவளுக்கு விடை தெரிந்துதான் கேட்டாள்.

அவர்கள் போன நாளில் தகரப் பெட்டிகள், அம்மி, அவள் அம்மா பிடிவாதமாகக் கட்டிய ஒரு மிளகுக்கொடித் துண்டு என்று சாமான் ஏறியது. மாத்தளை ஸ்டேசனில் ரயில். பிறகு தலைமன்னார். அங்கிருந்து இராமானுஜம் கப்பல். எங்கள் முப்பாட்டன்மார் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியில் நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையைத் தாண்டி, மாத்தளையைத்தான் முதல் மலைவாசலாகக் கண்டார்கள். வழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் விழுந்தவர்கள் பலர். நாளைக்கு இத்தனை மைல் என்றால் எத்தனை நாள் என்ற கணக்கை அந்தப் பாதைக்குப் போடவே முடியாது. புறப்பட்ட தொகை வந்து சேரவில்லை. அதே மன்னார்க் கரைக்கே, ரயிலில் ஏறி, இவர்கள் திரும்பினார்கள்.

அவளிடமிருந்து முதல் கடிதம் கோத்தகிரியிலிருந்து வந்தது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவள் பெற்றோருக்கு வேலை. பிறகு அதற்கு டான்டீ என்று பெயர் வந்தது. குளிரைப் பற்றி இரண்டு வரி. மீதியெல்லாம் கணக்கு. அங்கே எல்லாம் கிலோ. பதினோரு இறாத்தலுக்கு ஐந்து கிலோ என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது, உன் அம்மா எடுக்கிற நாற்பது இறாத்தல் எத்தனை கிலோ என்று போட்டு அனுப்பு என்று எழுதியிருந்தாள். பதினெட்டும் கொஞ்சமும் என்று அனுப்பினேன். அடுத்த கடிதத்தில், அங்கேயும் நாலரைக்கு ஒன்றுதான் தூள், உன் அப்பாவிடம் சொல் என்றிருந்தது. அப்பாவுக்கு அதைக் கேட்டு அப்படியொரு நிம்மதி. கூலியையும் அரிசி விலையையும் எழுதுவோம். ஒரு நாள் கூலிக்கு அங்கே எத்தனை கிலோ அரிசி, இங்கே எத்தனை கொத்து என்று ஒப்பிடுவோம். இரண்டு நாட்டு ரூபாயையும் நேருக்கு நேர் வைக்காமல் அரிசியை நடுவில் வைத்து அளந்தது அவளுடைய யோசனை.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு கடிதம் நின்றது. அடுத்த வருடம் கப்பலும் நின்றது. போக வேண்டியவர்களில் மிஞ்சியவர்களை அனுப்ப வழியில்லாமல் போக, ஏழுக்கு நாலு என்ற கணக்கும் பாதியில் அறுந்தது. 1988-இல் வந்த சட்டத்தின்படி, இந்தியாவுக்கு எழுதிக்கொடுக்காதவர்கள் சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும் என்றானது. அம்மா பெருவிரல் வைத்தார். அப்பாயி அதற்கு இருக்கவில்லை. 2003-இன் சட்டம் மிச்சமிருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. எவரும் போக வேண்டிய நிபந்தனை இல்லாமல் குடியுரிமை கொடுக்க முடியும் என்பதற்கு அவ்வளவு காலம் எடுத்தது.

நான் கணித ஆசிரியையாக மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே வேலை பார்த்தேன். விகிதசமன் பாடம் வரும்போதெல்லாம் பீலிக் கணக்கும் வாய்க்கணக்கும் பலகைக்கு வரும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அடிப்படை 900, கொடுப்பனவு 100. அது வந்த கையோடு சில தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். கொரோனாவுக்கு நடுவே பள்ளிக்கூடம் திறந்திருந்த அந்தச் சில வாரங்களில் என் வகுப்பில் இதே கேள்வியைப் போட்டேன். 20 கிலோவுக்கு 1,000 ரூபாய் என்றால் 19 கிலோவுக்கு எவ்வளவு?

950 என்று பல கைகள் உயர்ந்தன. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "இல்லீங்க டீச்சர், ஐநூறு. எங்கம்மாவுக்கு நேத்து அப்படித்தான் போட்டாங்க" என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒரு பையன், 20 கிலோவுக்குக் கீழே பாதி என்றால் 19 எடுத்தவரும் 10 எடுத்தவரும் ஒன்றா என்று கேட்டான். இன்னொருத்தி, அப்படியானால் 19-ஆவது கிலோவுக்கு விலை சுழியம், 20-ஆவது கிலோவுக்கு ஐநூறு ரூபாயா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எனக்கு அந்த வயதில் கேட்கத் தெரிந்திருக்கவில்லை. பலகையில் அவர்களே பட்டியல் போட்டார்கள்: 20-க்கு 1,000, 19-க்கு 950, 17-க்கு 850, 12-க்கு 600. பக்கத்தில் வேறு நிறச் சுண்ணக்கட்டியால், கையில் கிடைப்பது என்ற நிரல்: 1,000, 500, 500, 500. மணியடித்த பிறகும் அழிக்கவிடாமல் பின்வரிசைப் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் இரண்டு நிரலையும் கொப்பியில் எழுதி, கீழே வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்து, 450-ஐச் சுற்றி வட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.